பார்வை உறுப்பினர்

கம்பியத் தொடாதீங்க தம்பி, ஒடஞ்சுரும். ரேடியோ இல்லீங்க. பாக்க ரேடியோ மாதிரி இருக்கும், ரேடியோ இல்ல. இது விமானம் ஓட்டற பெட்டி. ஆமா, விமானந்தான். சின்ன விமானம். ரெக்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு அஞ்சடி இருக்கும். கீழ நின்னுட்டு இந்தப் பெட்டியில ரெண்டு குச்சிய ஆட்டினா அது மேல பறக்கும். பொம்மைன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. எனக்குக் கெட்ட கோவம் வரும். வந்த கோவத்துலதான் இந்த பஸ்ஸே ஏறியிருக்கேன்.

உக்காருங்க, உக்காருங்க. பைய மடியில வெச்சுக்கறேன். கிணத்துக்கடவுல ஏறினா என்னிக்குங்க உக்கார எடம் கெடச்சுது. நீங்க உக்கடமா? நானும் அங்கதான். அங்கிருந்து சங்கப் பதிவாளர் ஆபீஸுக்குப் போகோணும். மனு குடுக்கறதுக்கு. நாலு தாளு, ரெண்டு பக்கமும் எழுதியிருக்கேன். அப்ப எட்டுப் பக்கம்னு வெச்சுக்குங்க.

என்ன மனுவா? சொல்றேன். என்னைய, செயலாளரை, நாலு வருசமா எங்க விமானச் சங்கத்தை நெஞ்சுல போட்டுச் சுமந்தவனை, பார்வை உறுப்பினர்னு எழுதிட்டாங்க. ரசீதே போட்டுட்டாங்க. இந்தா பாருங்க. மாசி மாசத்துக்கு நூறு ரூபா. ஆர். நாச்சிமுத்து, பார்வை உறுப்பினர். என்ற ரசீதுப் புஸ்தகத்துலயே, நான் அச்சடிச்சுக் குடுத்த புஸ்தகத்துலயே.

உங்களுக்குப் புரியாது. மொதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும்.

நான் மில்லுல முப்பத்தோரு வருசம் டைம் ஆபீஸ் பாத்தவன். டைம் ஆபீஸ்னா தெரியுமில்ல? கேட்டுல வர்றவன் போறவன் நேரத்தை எழுதறது. அஞ்சு நிமிசம் லேட்டா வந்தா அரை மணி கூலி புடிக்கறது. மில் மேனேஜருக்குக் கூடப் பயப்பட மாட்டாங்க, எனக்குப் பயப்படுவாங்க. என்ற தம்பி அதே மில்லுல ஸ்பின்னிங்குல இருந்தான். அவனுக்கும் புடிச்சிருக்கேன். பதினேழு தடவை. இன்னிக்கு வரைக்கும் என்ற வூட்டு வாசப்படி மிதிக்கறதில்ல. இருக்கட்டும், சட்டம்னா சட்டம்.

ரிட்டயர் ஆகி வந்து காலையில நடக்கப் போவேன். எங்க ஊருக்கு மேக்கால, தென்னந்தோப்பெல்லாம் தாண்டி, ஒரு பத்து ஏக்கரா மேய்ச்சக்காடு. அங்க ஞாயித்துக்கிழமையானா ஒரு எட்டுப் பத்துப் பேரு விமானம் விட்டுட்டு இருந்தாங்க. நின்னு பாத்தேன். அரை மணி நேரம் பாத்தேன். அடுத்த வாரமும் போய்ப் பாத்தேன். எனக்குச் சொல்லத் தெரியலீங்க, அது ஒண்ணு ரெக்கையச் சாச்சுட்டு வெயில்ல திரும்புச்சு பாருங்க, நடக்க வந்ததே மறந்துபோச்சு. நானும் வர்றேன்னு சொன்னேன்.

சேந்த பொறகுதான் தெரியுது, அங்க சங்கமே இல்ல. பேரு இருக்கு, சங்கம் இல்ல. தலைவரு கெடையாது, செயலாளரு கெடையாது, சந்தா கெடையாது. புல்லு வெட்டோணுமா, ஒருத்தன் ஹெல்மெட்டத் தலைகீழாப் புடிப்பான், இருக்கறவன் இருக்கறதைப் போடுவான். யாரு எவ்வளவு போட்டான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. நூறு போட்டவனும் டீ குடிக்கிறான், பத்து போட்டவனும் டீ குடிக்கிறான். இதைக் கண்ணுல பாத்துட்டு நான் எப்படிங்க சும்மா இருக்கறது?

நாந்தான் பதிவு பண்ணேன். நாந்தான் விதி எழுதினேன். இருவத்தி மூணு விதி. மாசச் சந்தா ஐநூறு. அஞ்சாந்தேதி சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள கட்டோணும். தவறினா நாளைக்குப் பத்து ரூபா அபராதம். நாந்தான் தகரக் கொட்டாய் போட்டேன், போர்டு வெச்சேன். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு காட்டறதுக்கு ஒரு துணிப்பை கம்பத்துல தொங்க விடுவாங்க, அது கிழிஞ்சு கெடந்துது, என்ற சம்சாரத்து ஆரஞ்சு சேலையில நாந்தான் புதுசு தெச்சேன். அவளைக் கேக்காமத்தான். இன்னிக்கு அதுவும் மறந்துபோச்சு அவங்களுக்கு.

இதுல மருதாசலம்னு ஒருத்தன். அவனைச் சொல்லாம இந்தக் கதை நகராது. கிணத்துக்கடவு மார்க்கெட்டுக்குப் பின்னால மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருக்கானே, செவப்பா, ஒல்லியா, காதுல பீடி செருகிட்டு. தெரியுமா? உங்க மோட்டாரும் கட்டியிருக்கானா? நல்லாத்தான் கட்டுவான். வேலையில ஒண்ணும் சொல்ல முடியாது. தெர்மாகோல்ல, வாழைக்காய் வர்ற அட்டைப் பெட்டியில எல்லாம் விமானம் செஞ்சு பறக்க விடுவான். எவன் விமானம் விழுந்தாலும் தூக்கிட்டுப் போய் ஒட்டிக் கொண்டாந்து குடுப்பான். காசு வாங்க மாட்டான். அது வேற விசயம். சந்தா கட்டினானான்னு கேளுங்க.

கட்ட மாட்டான். கட்டினாலும் அஞ்சாந்தேதி ஆறு மணிக்கு வருவான். ஒரு மணி நேரம் லேட்டு, பத்து ரூபா எடுன்னா சிரிப்பான். "எடுத்துக்குங் சார்"ம்பான். அந்தச் சிரிப்புதாங்க எனக்கு ஆகறதில்ல. மில்லுல எவனும் என்ற முன்னாடி சிரிச்சதில்ல. போன ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூணு மாசம் சுத்தமாக் கட்டல. மழைக்காலம் பாருங்க, கெணத்துல தண்ணி இருக்கும், மோட்டார் எரியாது. மோட்டார் எரியலீன்னா அவன் வூட்டுல அடுப்பு எரியாது. எனக்குத் தெரியாம இல்ல. ஆனா விதியில மழைக்காலம்னு ஒரு வார்த்தை இருக்குதா? இல்லீல்ல. மூணு மாசம் கட்டாதவன் பேரை அடிக்கோணும்னு இருக்கு. அடிச்சேன். செவப்பு மையில.

எல்லாரும் மொகத்தைத் தூக்கி வெச்சுட்டாங்க, அவ்வளவுதான். பல் டாக்டரம்மா, யமுனான்னு, எங்க பொருளாளர், அவங்க மட்டும் கேட்டாங்க. "சார், அவருதானே எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தாரு, அவருக்குச் சந்தாவே வேண்டாம்னு ஒரு தீர்மானம் போட்டுரலாமே." நான் சொன்னேன், டாக்டரம்மா, உங்ககிட்டப் பல்லு புடுங்க வர்றவன் உங்க வாத்தியாரா இருந்தா ஃபீஸ் வாங்க மாட்டீங்களா? "வாங்க மாட்டேன் சார்"ன்னுட்டாங்க. அந்தம்மா அப்படித்தான். பொருளாளர் வேலைக்கே லாயக்கில்ல.

எனக்கும் மருதாசலந்தான் சொல்லிக் குடுத்தான், இல்லீங்கல. அதையும் சொல்லிர்றேன். இந்த வித்தை கத்துக்கறதுக்கு ரெண்டு பெட்டி வேணும். ஒண்ணு சொல்லிக் குடுக்கறவன் கையில, ஒண்ணு கத்துக்கறவன் கையில. நடுவுல ஒரு ஒயரு. அவன் பெட்டியில ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அவன் வெரல்ல அமுத்திப் புடிச்சிருந்தா விமானம் நம்ம பேச்சுக் கேக்கும், வெரல எடுத்துட்டா அவன் பேச்சுக் கேக்கும். டிரைவிங் ஸ்கூல் காருல அவங்க பக்கமும் ஒரு பிரேக் இருக்குமே, அந்த மாதிரின்னு வெச்சுக்குங்க.

மொத நாளு டாக்டரம்மா பெட்டிய எரவல் வாங்கி ஒயர மாட்டினோம். நான் இருவத்தி ரெண்டாயிரம் குடுத்து வாங்கின விமானம். மேல போச்சு. "இப்ப நீங்க புடிங் சார்"ன்னான். புடிச்சேன். மூணே எண்ணறதுக்குள்ள தலைகுப்புற வந்து சோளத்தட்டுக்குள்ள செருகிருச்சு. காத்து. மருதாசலமே சொன்னான், "காத்துங் சார், பாலக்காட்டுக் கணவாய்க் காத்து, நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னு. ஒரு வாரத்துல ஒட்டிக் கொண்டாந்துட்டான். அப்பறம் அவன்தான் சொன்னான், "உங்களுக்குன்னு தனியா ஒரு பெட்டி வாங்கிக்குங் சார், நானே எல்லாம் சரி பண்ணிக் குடுக்கறேன்"னு. அப்படி வாங்கினதுதான் இந்தப் பெட்டி.

அன்னையில இருந்து நாலு வருசம். ஒரு தடவை விழுந்ததில்ல தம்பி. டாக்டரம்மா விமானம் ரெண்டு தடவை நொறுங்கியிருக்கு. வாத்தியாரு ஒருத்தரோடது பி.ஏ.பி. வாய்க்கால்ல போயிருச்சு. மருதாசலத்தோடதே எத்தனையோ தடவை முருங்கை மரத்துல தொங்கியிருக்கு. என்னோடது? ஒரு கீறல் இல்ல. கேட்டா நம்ப மாட்டாங்க. பொறாமை வராம என்ன பண்ணும்?

ஒயரா? ஒயரு இருக்கும். மத்தவங்க எல்லாம் மூணு மாசத்துல ஒயரக் கழட்டிட்டாங்க. அவசரக்காரங்க. நான் பாதுகாப்புக்கு வெச்சிருந்தேன். மருதாசலமும் அதையேதான் சொன்னான், "இருக்கட்டுங் சார், ஒரு தைரியத்துக்கு." அவன் பக்கத்துல சும்மா நிப்பான். நாந்தான் ஓட்டுவேன். சில சமயம் நான் வலது பக்கம் திருப்பினா அது மொதல்ல இடது பக்கம் போயிட்டு அப்பறம் வலது பக்கம் வரும். காத்து அப்படி. இந்தா, இங்க ஒரு முள்ளு தெரியுதா? கண்ணாடிக்குள்ள? பேட்டரி எவ்வளவு இருக்குன்னு காட்டறதுக்கு. மத்தவங்க பெட்டியில அது வலது பக்கம் நிக்கும், இதுல எப்பவும் இப்படி இடது பக்கமே படுத்திருக்கும். இந்த மாடலே அப்படித்தானாம், மருதாசலம் சொன்னான்.

சரி, எதுக்கு வந்தேன், ஆமா, நெலம்.

மேய்ச்சக்காட்டுக்காரரு மார்கழி கடைசியில வந்து நின்னாரு. ரங்கசாமின்னு பேரு. "வருசத்துக்கு அறுவதாயிரம் குடுத்தாக் காட்ட வெச்சுக்குங்க, மாசி பொறக்கறதுக்குள்ள குடுக்கலீன்னா நான் தென்னங்கன்னு வெச்சுக்குவேன்." அதுக்கு முன்னால பத்தாயிரந்தான் குடுத்துட்டு இருந்தோம். இருப்புல இருவதாயிரம் இருந்துது. இன்னும் நாப்பது வேணும். சந்தாவ ஆயிரமாக்கலாம்னேன். நாலு பேரு நின்னுக்கறோம்னாங்க. அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை தோணுச்சு. ராத்திரி பகலா யோசிச்சது.

எங்க ஊரு செல்லாண்டியம்மன் கோயிலுக்குத் தை மாசம் கும்பாபிசேகம். கலசத்துல தண்ணி ஊத்தறப்ப மேல இருந்து பூ கொட்டோணும்னு கமிட்டிக்காரங்களுக்கு ஆசை. ஹெலிகாப்டருக்கு லட்சக்கணக்குல கேட்டிருக்காங்க. நான் போனேன். நாப்பதாயிரம் சங்கத்துக்கு நன்கொடையாக் குடுங்க, எங்க விமானம் பூ போடும்னேன். போலீஸ் அனுமதியெல்லாம் அவங்களே வாங்கிட்டாங்க. எங்க சங்கத்துல ஒருத்தனுக்குத் தோணுச்சா இது? ஹெல்மெட்டத் தூக்கிட்டு நிக்கத்தான் தெரியும்.

வந்து சொன்னா, டாக்டரம்மா கேட்டது என்ன தெரியுமா? சபாஷ்னு ஒரு வார்த்தை இல்ல. "யாரு சார் ஓட்டறது?"

நாந்தான், வேற யாருன்னேன். எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. கீழ ரெண்டாயிரம் சனம் நிக்கும் சார், மருதாசலம் இல்லாம வேண்டவே வேண்டாம்னு ஒரே குரலாச் சொல்லிட்டாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஆனாலும் சங்கத்துக்காகப் பொறுத்துக்கிட்டேன். பேரு அடிச்சவன் அடிச்சவன்தான், அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் விருந்தாளின்னு எழுதி உள்ள விட்டேன். விருந்தாளிக் கட்டணம் அம்பது ரூபா, அதையும் தள்ளுபடி பண்ணினேன். என்ற கையெழுத்துல. பாருங்க, புஸ்தகத்துல இருக்கு.

நீங்க அன்னிக்கு வந்திருந்தீங்களா? அப்படியா. எங்க நின்னீங்க, மொளப்பாரி வெச்ச பக்கமா? உங்க மேலயும் பூவு விழுந்துச்சா? அப்ப நல்லாப் பாத்திருப்பீங்களே. சந்தோசம். நீங்களே சாட்சி. கேட்டுக்குங்க.

விமானத்து வயித்துல ஒரு தட்டு, அதுக்கு ஒரு கதவு. மருதாசலம் செஞ்சது. ரோசாப்பூ இதழும் சம்மங்கியும் ஒண்ணரைக் கிலோ. பூக்காரம்மா வாடக்கூடாதுன்னு தண்ணி தெளிச்சுட்டே இருந்தா, அதை மருதாசலம் தூக்கிப் பாத்துட்டு, வேட்டியில பரப்பி, வெசிறிக் காய வெச்சுத்தான் ஏத்தினான். தண்ணி கனம் சேந்தாத் தூக்காதாம். அதுலயே கால் மணி நேரம் போச்சு. நான் கடியாரத்தைக் காட்டித் திட்டினேன். அவன் சிரிச்சான்.

கோயில் மைதானத்துல, பந்தலுக்குப் பின்னால கயிறு கட்டி எங்களுக்கு எடம் விட்டிருந்தாங்க. நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பெட்டி கழுத்துல. ஒயரு மருதாசலத்துகிட்ட. அவன் எனக்குப் பின்னால ஒரு அடி தள்ளி நின்னான், அழுக்கு பனியனோட. நாந்தான் அப்படி நிக்கச் சொன்னேன், போட்டோ எடுக்கறாங்கல்ல.

மேல ஏத்தினேன். ராஜகோபுரத்தைச் சுத்தி ரெண்டு சுத்து. மேளம் உச்சத்துல போகுது, ஐயரு கொடத்தைச் சாய்க்கிறாரு, நேரா கலசத்துக்கு மேல கொண்டு போறேன். பொத்தான அமுக்கோணும். நான் அமுக்கறதுக்கு ஒரு நொடி முன்னாடியே கதவு தெறந்துருச்சு. ஆனா கொட்டுச்சு பாருங்க. சரியாக் கலசத்து மேல. தண்ணியும் பூவும் ஒண்ணாக் கீழ எறங்குச்சு. உங்க மேல விழுந்துச்சுன்னீங்களே, அதுதான். சனம் அப்படியே கத்துச்சு. தம்பி, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, பொய் சொல்லல. முப்பத்தோரு வருசம் கேட்டுல உக்காந்தேன். என்னையப் பாத்தாத் தலையக் குனிஞ்சுட்டுப் போவாங்க. கை தட்டினது அன்னிக்குத்தான்.

எறக்கினேன். கமிட்டித் தலைவரு ஓடி வந்து பொன்னாடை போத்தினாரு. மைக்குல பேரு சொன்னாங்க. என்ற தம்பின்னேனே, பதினேழு தடவை கூலி புடிச்சேனே, அவன் கூட்டத்துல நின்னிருக்கான். பக்கத்துல வந்து, "நீயா வுட்டே?"ன்னு கேட்டான். இருவது வருசம் கழிச்சு அவன் என்ற கூடப் பேசின மொத வார்த்தை. ஆமாடா, நாந்தான்னேன். கையப் புடிச்சுட்டு நின்னான்.

நாப்பதாயிரம் வந்துது. ரங்கசாமிக்குக் கட்டியாச்சு. காடு நம்மது. யாரால? சொல்லுங்க, யாரால?

போன ஞாயித்துக்கிழமை கூட்டம் போட்டேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, இனி பழைய பாக்கியப் பாப்போம்னு மருதாசலம் விசயத்தை எடுத்தேன். ஆயிரத்தி ஐநூறும் அபராதமும் கட்டட்டும், சேத்துக்கறேன், இல்லீன்னா விருந்தாளி இனிமே காட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாதுன்னேன். பூ போட்டாச்சு, வேலை முடிஞ்சுதுன்னு நான் நெனைச்சதாப் பேசினாங்க. நான் அப்படி நெனைக்கல. நாள் கணக்கு ஓடுது, அபராதம் ஏறுது, அவனுக்குத்தானே நட்டம்?

டாக்டரம்மா எந்திரிச்சாங்க. "சார், விதி ஏழு படிக்கட்டுங்களா?" படிங்க, நான் எழுதினதுதானே, எனக்கு மனப்பாடம்னேன்.

விதி ஏழு என்னன்னா, ரெண்டு வருசத்துக்கு முன்னால கொப்பரை யாவாரி ஒருத்தன் சேர வந்தான். ஒரு லட்ச ரூபா விமானம் வெச்சிருக்கான், ஓட்டத் தெரியாது, கூலிக்கு ஆள் வெச்சு ஓட்டறான். அவனுக்கு ஓட்டுப் போடற உரிமை வேணுமாம், பதவி வேணுமாம். காசு குடுத்து வாங்கிட்டா ஆச்சுங்களா, விடத் தெரிய வேண்டாமா? அதுக்காக விதி ஏழைத் திருத்தி எழுதினேன். "பிறர் உதவியின்றித் தனியாக விமானத்தை ஏற்றி இறக்கத் தெரிந்தவரே பறக்கும் உறுப்பினர். மாதம் ஐநூறு. வாக்குரிமையும் பதவியும் அவருக்கு மட்டுமே. மற்றவர் பார்வை உறுப்பினர். மாதம் நூறு. பார்க்கலாம், பேசக்கூடாது." எப்படி இருக்கு? நான் எழுதினது. அந்தக் கொப்பரைக்காரன் ஓடியே போயிட்டான்.

அந்தம்மா இதைப் படிச்சுட்டு ஒரு கவர எடுத்து நீட்டினாங்க. "சார், ரெண்டு வருசமா உங்ககிட்ட மாசம் நானூறு ரூபா கூட வாங்கிட்டோம். ஒம்பதாயிரத்தி அறுநூறு. எண்ணிக்குங்க."

எனக்குப் புரியவே இல்ல. என்னதுன்னேன். அந்தம்மா, நீங்க தனியா ஒரு தடவை கூட ஓட்டினதில்லீங்க சார்ங்கறாங்க. பூ போட்டது மருதாசலம்ங்கறாங்க. நாலு வருசமா ஓட்டறதே அவருதான், உங்க பெட்டியில பேட்டரியே கெடையாதுங்கறாங்க. அத்தனை பேரும் தலைய ஆட்டறாங்க. எல்லாத்துக்கும் தெரியுமாம். பத்துப் பேருக்கும் நாலு வருசமாத் தெரியுமாம்.

மருதாசலம் தகரக் கொட்டாய்க்கு வெளிய நின்னான். விருந்தாளிதானே, உள்ள வரக் கூடாதில்ல. அவன் மட்டும், "வேண்டாங்க டாக்டர், விட்டுருங்க"ன்னான். கோவம் எனக்கு அவன் மேலதான் வந்துது. டேய், உண்மையச் சொல்லு, சுவிட்ச அமுத்திப் புடிச்சு என்ற கையில குடுத்தியா இல்லியான்னு கேட்டேன். காதுல இருந்த பீடிய எடுத்தான். அப்பறம் சொன்னான், "மொத நாளு குடுத்தேனுங் சார்."

மொத நாளு. சோளத்தட்டுல விழுந்துச்சே, அந்த நாளு.

அப்பறம் ஏண்டான்னேன். "நீங்க ஆசையா இருந்தீங்க"ங்கறான். எப்படி இருக்கு பாருங்க பேச்சு. எனக்கு ஆசையாம், இவன் பிச்சை போட்டானாம். சந்தா கட்ட வக்கில்லாதவன் எனக்குப் பிச்சை போட்டானாம்.

கவர மூஞ்சியில வீசிட்டு, புஸ்தகத்தையெல்லாம் எடுத்துட்டு வந்துட்டேன். செயலாளர் கையில இல்லாம வேற எவன் கையில இருக்கோணும்? அவங்க எழுதி வெச்ச ரசீத மட்டும் மேசையில இருந்து எடுத்துக்கிட்டேன், சாட்சிக்கு. மனுவுல எல்லாம் எழுதியிருக்கேன். அபாண்டம், அவதூறு, கூட்டுச் சதி. பதிவாளர் விசாரிக்கட்டும். சங்கத்தையே கலைக்கட்டும், எனக்கு என்ன வந்துது.

என்ன கேட்டீங்க? தெறந்து பாத்தீங்களான்னா? நீங்களும் அதையே கேக்கறீங்களே. அவங்களும் அதைத்தான் கேட்டாங்க, தெறந்து காட்டுங்க சார்ன்னு. அவங்க முன்னாடி தெறந்து காட்டறதுக்கு நான் என்ன திருடனா? மில்லுல எல்லார் சோத்துப் போசியையும் நாந்தான் தெறந்து பாப்பேன், என்னோடத எவனும் தெறந்து பாத்ததில்ல. ஆபீஸர் முன்னாடி தெறப்பேன்.

வூட்டுல எதுக்குத் தெறக்கோணும்? எனக்குத்தான் தெரியுமே, பேட்டரி இருக்குன்னு. மருதாசலம் போட்டுக் குடுத்தான். போட்டுக் குடுத்திருப்பான்.

ஒத்தக்கால்மண்டபம் தாண்டிருச்சா? சரி. பூவு உங்க மேலயே விழுந்திருக்கு, உங்களுக்குக் காட்டறதுல தப்பில்ல. மூணாவது மனுசன் ஒருத்தர் பாத்தாருன்னு மனுவுலயும் எழுதிக்கலாம். இந்தா, பின்னாடி இந்த மூடிதான். நகம் போக மாட்டீங்குது. ஒரு ரூபாக் காசு இருந்தாக் குடுங்க. புது மூடி மாதிரி இறுக்கமா இருக்கு. ஆ, வந்துருச்சு.

இது என்னது தம்பி, மஞ்சளா? காகிதம் ஒட்டியிருக்கு. கண்ணாடி எடுத்துட்டு வரல, என்னமோ எழுதியிருக்கு, படிங்க. தமிழ்ல சொல்லுங்க.

"முதல்ல பேட்டரி போடும் முன்னால இதை உரிச்சு எடுக்கவும்"னா?

அவ்வளவுதான் எழுதியிருக்கா?

கடையில ஒட்டினது. உரிக்கவே இல்ல. மூலையெல்லாம் ஒட்டின மேனிக்கு இருக்கு பாருங்க. ஒரு தூசி கூட உள்ள போகல.

அயோக்கியப் பய. ஒயர மாட்டி, பெட்டியக் கழுத்துல மாட்டி விட்டு, "ரெக்கையக் கொஞ்சம் சாய்ங் சார், அப்படித்தாங் சார், அருமைங் சார்"ன்னு காதுகிட்டச் சொல்லிட்டே, நாலு வருசம், ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும். நான் வலதுன்னா அவன் பாத்துட்டு வலது பக்கம் போவான் போல. அதுதான் மொதல்ல இடது பக்கம் போயிட்டு ஒரு நொடி லேட்டாத் திரும்புச்சு. எனக்கு ஏன் அது உறைக்கல? ஒரு நொடி லேட்டானாலும் கண்டுபுடிக்கறவனுங்க நானு.

மூடிரட்டுங்களா. காச வாங்கிக்குங்க.

தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா. அன்னிக்கு நீங்க மொளப்பாரிப் பக்கம் நின்னேன்னு சொன்னீங்களே. அங்கிருந்து பாத்தா நாங்க நின்ன கயித்துக்கட்டு நேராத் தெரியும். வெள்ளை வேட்டி, கழுத்துல பெட்டி. என்னையப் பாத்தீங்களா?

விமானத்தைத்தான் பாத்தீங்க. ஆமா. எல்லாரும் அண்ணாந்துதான் பாத்தாங்க. என்ற தம்பியும் அதைத்தான் பாத்திருப்பான்.

நானும் அதையேதானுங்க பாத்துட்டு இருந்தேன்.

எந்த ஸ்டாப்பு இது, மலுமிச்சம்பட்டியா? சித்தே வழி விடுங்க, எறங்கறேன். பதிவாளரா, அவரு எங்க போயிரப் போறாரு. இன்னிக்குத் தேதி என்ன, அஞ்சுதானே? திரும்பிப் போற பொள்ளாச்சி பஸ்ஸு ஒடனே கெடச்சா அஞ்சு மணிக்குள்ள டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம். பங்குனிக்கு நான் இன்னும் கட்டல. நூறு ரூபாதான். லேட்டானாப் பத்து ரூபா போட்டுருவாங்க.